எண்ணெய் தேய்க்காமல் வரவும்

சீட்டு மலையாளத்தில் இருந்தது.
இன்னாசி எழுத்துக்கூட்டி வாசித்தார்:
மதியத்துக்கு மேல் காப்பி, சாயா ஆகாது.
பகலில் உறங்கக் கூடாது.
தலைக்கு எண்ணெய் தேய்க்காமல் வரவும்.

எண்ணெயைச் சீயக்காய் போட்டுத் தீர்த்தேன்.
பகலில் உறங்காமலிருக்கத் தெரிந்திருந்தால்
பாலக்காட்டுக்கு நான் எதற்குப் போகிறேன்?

பால் சொசைட்டியில் காலை நாலரைக்கு
லாக்டோமீட்டரைப் பிடித்தபடி நின்றுகொண்டே உறங்கி
பதினேழு பேருக்கு வரிசையாக
இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று எழுதியவள் நான்.
தண்ணீர் கலந்தவர்கள் சத்தமில்லாமல் போனார்கள்.
கலக்காத ராயப்பன்தான்
கேனைக் கீழே வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தான்.

ஆஸ்பத்திரியில் மூன்றாவது மாடி.
லாட்ஜ் ரூம் மாதிரி கட்டில், திரைச்சீலை, நீர்வீழ்ச்சிப் படம்.
மூலையில் சிவப்புக் கண்ணோடு ஒரு கேமரா.
ஷைஜா என்ற பெண் உச்சந்தலையைத் தேய்த்துத் தேய்த்து
பசை வைத்து ஒட்டினாள்.
கண்ணோரம் இரண்டு, தாடையில், நெஞ்சில், கெண்டைக்காலில்.
மாருக்கு ஒரு பெல்ட், வயிற்றுக்கு ஒரு பெல்ட்.
மூக்கில் குழாய். விரல் நுனியில் கவ்வி.
"பேடிக்கண்டா சேச்சி, ஷோக்கடிக்கில்லா."

கறவை மெஷின் மாட்டிய பசுவைப் பார்த்திருக்கிறேன்,
அசையாமல் நிற்கும்,
காது மட்டும் ஆடும்.
அப்படிக் கிடந்தேன்.

"வீட்டில் மாதிரி உறங்கிக்கோ" என்று விளக்கணைத்தாள்.
வீட்டில் மாதிரி என்றால்
இருட்டில் என் கெண்டைக்காலை ஒரு கால்விரல் இடிக்க வேண்டும்.
இடம் போதவில்லையா, ஹாலில் போய்ப் படும் என்று
நான் திட்ட வேண்டும்.
இங்கே இடிக்க ஆளில்லை.
பஸ்ஸில், பூசையில், பால் வரிசையில் உறங்கியவள்
பன்னிரண்டு மணிவரை ஏ.சி. சத்தத்தைக் கேட்டுக் கிடந்தேன்.
ஒன்றுக்கு வந்தது. கேமராவைப் பார்த்துக் கையசைத்தேன்.
ஷைஜா ஓடி வந்து ஒரே ஒரு முடிச்சைக் கழற்றி
மொத்த வயரையும் கொத்தாகக் கழுத்தில் மாட்டிவிட்டாள்.
என் தும்பை நானே பிடித்துக்கொண்டு போய்வந்தேன்.

எப்போது உறங்கினேனோ.
சுவரிலிருந்து ஒரு குரல்:
"சேச்சி, மலர்ன்னு கிடக்கூ."
மல்லாந்து படுக்கச் சொல்கிறாள்.
அரை உறக்கத்தில் எனக்குத் தமிழில் கேட்டது.
ஐம்பத்திரண்டு வயதில், ராத்திரி இரண்டு மணிக்கு
ஒருத்தி என்னை மலரச் சொன்னாள்.
மலர்ந்தேன், பெல்ட்டுகளோடு.

ஐந்து மணிக்கு வெந்நீரில் துடைத்தெடுத்தாள்.
முடியெல்லாம் காய்ந்த தோசைமாவு.
டாக்டர்தான் சொல்லணும் என்று சொல்லிக்கொண்டே
திரையை என் பக்கம் திருப்பினாள்.
மேடு, பள்ளம், மேடு, பள்ளம்.
பிறகு வெறும் கோடு.
"இவிடெ நின்னு" என்று விரல் வைத்தாள்.
விரலை இழுத்துக்கொண்டே போனாள், போனாள்.
"இவிடெ வன்னு."
முப்பத்தெட்டு செகண்டு.
மணிக்கு நாற்பத்தொரு தடவை இப்படி.
எத்தனை பேர் பாலை அளந்திருக்கிறேன்,
எனக்கு என்ன டிகிரி என்று தெரியாமல்.
இனி ஒரு ராத்திரி முகமூடி மாட்டிப் பார்க்க வர வேண்டுமாம்.

பொள்ளாச்சி பஸ்ஸில் இன்னாசியிடம் சொன்னேன்.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.
"முப்பது வரைக்கும் எண்ணுவேன்.
அதுக்கு மேல வரலேன்னா காலால தட்டுவேன்.
நீ எடத்துக்குன்னு திட்டுவே."
எத்தனை வருசமா?
"சின்னவன் காலேஜ் போனதுல இருந்து."

அவன் பிள்ளைக்கு இப்போது நாலு வயது.

சித்தூர் தாண்டுவதற்குள்
எண்ணெய் காணாத என் தலையோரம் சாய்ந்து
உறங்கிவிட்டார்.
மூச்சு சீராக வந்தது. எண்ணிப் பார்த்தேன்.
கொழிஞ்சாம்பாறை வந்தது. இறங்க வேண்டிய இடம்.
எழுப்பவில்லை.

கோபாலபுரம் செக்போஸ்டில்
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
சத்தம் சட்டென்று நின்றது.
கண் திறக்காமலே
அவர் கால்விரல் நீண்டுவந்து
என் கெண்டைக்காலை இடித்தது.